காலையில் பத்து நிமிடம் உறுமிய கார்

1. ரிங்ஸ் போச்சு

"ரிங்ஸ் போச்சு டீச்சர். எஞ்சினை இறக்கித்தான் செய்ய வேணும்."

சிவகுரு அண்ணை இதைச் சொன்னபோது டீச்சரின் கையில் இருந்த குடை கீழே விழுந்தது. அதை எடுக்க வேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். குடைப்பிடி முழுக்க என் கிரீஸ் விரல் அடையாளம்.

சிவகுரு அண்ணை எங்கள் கராஜ் முதலாளி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தக் கராஜ் இருந்தது. ரயில் போகும்போது பேச்சை நிறுத்துவோம். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவோம். நான் அங்கே மூத்த மெக்கானிக். முப்பத்தைந்து வயது, கலியாணம் ஆகவில்லை, கொட்டாஞ்சேனையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். சண்டைக் காலம். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை கிடையாது. போனவர்கள் திரும்பி வர வேண்டுமென்றால் பாஸ் எடுத்து, பெயர் பதிந்து, கப்பலுக்குக் காத்திருந்து திருகோணமலையில் இறங்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு ஒரு கணக்குக் கிடையாது.

டீச்சர் பக்கத்தில் ஒரு பாலர் பள்ளியில் படிப்பித்தவர். பாமன்கடையில் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தார். காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நீல நிறம், ஜப்பான்காரன் செய்த சின்னக் கார். வெளியே தூசி தட்டித் துடைத்து வைத்த அழகு. பொனற்றைத் திறந்தால் உள்ளே ஒயில் குளியல். எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவர் ஓரத்தால் ஒயில் வழிந்து எஞ்சினின் ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் பாதி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

அண்ணையின் சோதனை முறை எளிமையானது. எஞ்சினை ஓட விட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஓட்டைக்கு மேலே உள்ளங்கையை வைப்பார். காற்று கையைத் தள்ளினால் பிஸ்டன் ரிங்ஸ் தேய்ந்துவிட்டது, எரிந்த காஸ் கீழே இறங்கி எஞ்சினுக்குள் அழுத்தம் கூடிவிட்டது என்று தீர்ப்பு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களிடம் வந்த பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதுதான் உண்மையாக இருந்தது. இந்தக் காரிலும் காற்று கையை நன்றாகவே தள்ளியது.

டீச்சர் மெல்லிய குரலில் சொன்னார்: "எஞ்சின் இறக்கிற அளவுக்கு என்னால ஏலாது அண்ணை. வீட்டுச் சொந்தக்காரர் வாசல் போட்டிக்கோவில ஒயில் ஒழுகுது எண்டு சண்டை பிடிக்கிறார். அவற்ற மகளின்ர கலியாணம் வருது. அதுக்குள்ள காரை எடுக்கச் சொல்லிப் போட்டார். காரை விக்கிறதுக்கு புறோக்கர் ஒராளையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவர்."

"அப்ப வித்துப் போடுங்கோவன்" என்றார் அண்ணை.

"விக்கேலாது. அவர் வந்து இறங்கேக்க இந்தக் கார் நிக்க வேணும்."

அவருடைய கணவர் தகப்பனின் செத்தவீட்டுக்காக யாழ்ப்பாணம் போனவர். எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவை முடித்துக்கொண்டு வந்துவிடுவதாகத்தான் போனார். பாதை மூடியது, அவர் அங்கே, இவர் இங்கே. கலியாணம் முடித்து இரண்டு தரம் இடம்பெயர்ந்து, இரண்டு தரமும் சாமான்களைப் போட்டுவிட்டு ஓடியவர்கள். மிச்சம் பிடித்து வாங்கிய ஒரே பெரிய பொருள் இந்தக் கார்.

"முந்தி எல்லாத்தையும் விட்டிட்டுத்தான் வந்தனாங்கள்" என்றார் டீச்சர். "இதையாவது நான் வைச்சிருந்தன் எண்டு அவருக்குக் காட்ட வேணும்."

அண்ணை என்னைப் பார்த்தார். "ஒரு நாள் என்னட்ட விடுங்கோ அண்ணை, பாக்கிறன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. இப்போது தெரியும்.

2. வால்வு எங்கே இருக்கிறது

முதல் வேலையாக நாலு ப்ளக்கையும் கழற்றி அமுக்கம் அளக்கும் கொம்பிரஷன் கேஜை வைத்துப் பார்த்தேன். நாலு சிலிண்டரும் நல்ல பிள்ளைகள். ரிங்ஸ் தேய்ந்திருந்தால் ஊசி அவ்வளவு ஏறாது. அப்போ காஸ் அளவுக்கு மீறிக் கீழே இறங்கவில்லை. இறங்கிய கொஞ்சம் வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது.

இதைப் படிக்கும், மெக்கானிக் வேலை பழகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எந்த நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் காஸ் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். அதை உள்ளே அடைத்து வைக்கக் கூடாது. அதைத் திரும்ப, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அனுப்பி எரிக்கும் வழியில் நிற்கும் சின்னக் கதவுதான் பி.சி.வி. வால்வு. விரல் நீளம்கூட இல்லை. அது அடைபட்டால் அழுத்தம் வேறு வழி தேடும். மூடிக்கு அடியில் இருக்கும் கஸ்கட்டைத் தள்ளும், சீலைத் தள்ளும், டிப் ஸ்டிக்கைத் தள்ளும். பார்க்கிறவன் எஞ்சின் செத்துவிட்டது என்பான்.

அதிகமான எஞ்சின்களில் அந்த வால்வு டப்பட் கவரின் மேலேயே ஒரு ரப்பர் வளையத்தில் குத்தி நிற்கும். கையால் இழுத்தால் வந்துவிடும். இந்த எஞ்சினின் டப்பட் கவரில் வெறும் ஹோஸ் மட்டும் இருந்தது. வால்வைக் காணவில்லை. யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஹோஸைப் பிடித்துக்கொண்டே கையை உள்ளே விட்டேன். எயார் கிளீனரைக் கழற்றி, கார்பரேட்டருக்குக் கீழே, இன்டேக் மேனிபோல்டின் அடிப்பக்கம் விரலால் தடவியபோது ஒரு நட் தலை தட்டுப்பட்டது. பிடித்தேன் கள்ளனை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஸ்குரூ பண்ணி வைத்திருக்கிறான் ஜப்பான்காரன்.

கழற்றிய வால்வைக் காதருகே வைத்துக் கிலுக்கினேன். நல்ல வால்வு என்றால் உள்ளே இருக்கும் ஊசி டக் டக் என்று அடிக்க வேண்டும். சத்தமே இல்லை. உள்ளே மஞ்சள் களிம்பு, வெயிலில் வைத்த பட்டர் மாதிரி. எயார் கிளீனருக்குப் போகும் மற்ற ஹோஸும் அதே களிம்பால் அடைத்துப் போயிருந்தது. இரண்டு வாசலும் பூட்டு.

வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் புது வால்வு எடுத்தேன். ஹோஸ் இரண்டையும் மாற்றினேன், டப்பட் கவருக்குப் புதுக் கஸ்கட் போட்டேன், ஒயில் மாற்றினேன். எஞ்சினை ஓட விட்டு, ஒயில் மூடியைக் கழற்றி, ஓட்டைக்கு மேலே ஒரு கடதாசித் துண்டை வைத்தேன். முன்பு கையைத் தள்ளிய ஓட்டை இப்போது கடதாசியை மெல்ல உள்ளே இழுத்துப் பிடித்தது.

அண்ணை வந்து பார்த்துவிட்டு, "பெரிய ஆளடா நீ" என்று சொல்லி முதுகில் தட்டினார். டீச்சர் காரின் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "தாங்ஸ் அண்ணை" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு அவர்மேல் விருப்பம் வந்தது அந்த நேரத்தில்தான். இதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதினால் அரைக் கதைதான். அவர் என்னை "அண்ணை" என்று கூப்பிட்டார். நான் அவரை "டீச்சர்" என்று கூப்பிட்டேன். கடைசிவரை அந்த இரண்டு சொல்லையும் தாண்டி நாங்கள் போகவில்லை.

3. திரும்பி வந்த களிம்பு

வீட்டுக்காரரின் மகள் கலியாணம் ஒயில் ஒழுகாமல் நடந்து முடிந்தது. சில மாதம் போக, டீச்சர் கராஜ் வாசலில் வந்து நின்றார். "அண்ணை, திரும்ப ஒழுகுது."

அண்ணைக்கு நல்ல சந்தோசம். "நான் சொன்னனான்தானே ரிங்ஸ் எண்டு. இவர் வால்வு, வால்வு எண்டு பாட்டுப் படிச்சவர்." அன்றிலிருந்து ஒரு கிழமை முழுக்க என்னை "வால்வு மாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். "போய் அவவின்ர வீட்டில வைச்சே பார். திரும்பவும் இஞ்ச இழுத்துக்கொண்டு வந்து எனக்கு இடத்தை அடைக்காதை."

மறுநாள் காலை கராஜுக்குப் போக முன் பாமன்கடைக்குப் போனேன். கேற்றுக்கு வெளியே நிற்கும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது. போட்டிக்கோவில் கார் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே டீச்சர் இருந்தார். டிரைவர் சீற்றில் இல்லை, இடது பக்க சீற்றில். பள்ளிக்கூடத்துக்குப் போகிற சேலை, மடியில் கைப்பை, முன்னால் பார்த்தபடி நேராக இருந்தார். யாரோ பக்கத்தில் இருந்து ஓட்டுவது போல.

நான் கேற்றுக்கு வெளியே நின்றுவிட்டேன். கூப்பிட மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கையை நீட்டி, வலது பக்கம் எட்டி, சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கினார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுப் போனார்.

"ஒவ்வொரு நாளும் இப்படியோ டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஓம். அவர் போகேக்க சொன்னவர், காலமை காலமை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடு, இல்லாட்டி பற்றறி இறங்கிப் போகும் எண்டு. ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சல் வந்த நேரத்திலயும் செய்தனான்."

"ரோட்டில எடுக்கிறேல்லையோ?"

"எனக்கு ஓடத் தெரியாது அண்ணை. லைசன்ஸும் இல்லை."

ஒயில் மூடியைக் கழற்றினேன். அடிப்பக்கம் முழுக்க அதே மஞ்சள் களிம்பு. என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வால்வை மாற்றினேனே தவிர, அது ஏன் அடைத்தது என்று யோசிக்கவே இல்லை. குளிர்ந்த எஞ்சின் ஓடும்போது உள்ளே தண்ணீர் கட்டும். ரோட்டில் ஓடி நன்றாகச் சூடேறினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி, வால்வு வழியாகப் போய் எரிந்துவிடும். பத்து நிமிடம் நின்ற இடத்தில் உறுமிவிட்டு நிறுத்தினால் தண்ணீர் ஒயிலோடு கலந்து களிம்பாகும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. இவர் ஒரு நாளும் தவறாமல் செய்திருக்கிறார்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெல்ல மெல்லச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். 

"அப்ப இவ்வளவு நாளும் நான்தான் இதைக் கெடுத்தனானோ?"

"கெடுக்கேல்லை டீச்சர். எஞ்சின் இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இனி இப்படி ஸ்டார்ட் பண்ணாதேங்கோ. கிழமைக்கு ஒருக்கா தூரமா ஓட வேணும். சூடேறி, அந்தச் சூட்டோடயே கொஞ்ச நேரம் ஓட வேணும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் வந்து ஓடித் தாறீங்களோ அண்ணை?"

ஓம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைவிட நல்ல வேலை எனக்கு யார் தரப் போகிறார்கள். ஆனால் மாடியில் வீட்டுக்காரரின் யன்னல் திரை அசைவதைக் கண்டேன். கணவர் ஊரில் இல்லாத வீட்டில், அவருடைய காரை ஒரு கராஜ்காரன் ஞாயிறு ஞாயிறாக எடுத்து ஓடினால் பாமன்கடை வாய் சும்மா இருக்குமா. அது ஒன்று. இரண்டாவது, நான் ஓடினால் கார் நல்லாயிருக்கும், டீச்சர் அந்த இடது பக்க சீற்றிலேயேதான் இருப்பார்.

"நீங்கள் பழகுங்கோ" என்றேன். "நான் பழக்கி விடுறன். வத்தளையில உங்கட தங்கச்சி இருக்கிறா எண்டு சொன்னனீங்கள்தானே, அவவின்ர வீட்டுக்குப் போய் வருவம். போய் வர எஞ்சின் வடிவாச் சூடேறும்."

4. வத்தளைப் பயணங்கள்

தங்கச்சி ஒவ்வொரு ஞாயிறும் காலை பஸ்ஸில் வந்துவிடுவார். பின் சீற்றில் அவர் இருந்தால்தான் ஊர் வாய் மூடும். முன்னால் எல் போர்ட் கட்டி, நான் இடது பக்கம் இருந்து, டீச்சரை வலது பக்கம் ஏற்றினேன். அந்த சீற்றில் இருக்க அவருக்கு முதல் நாள் மனமே வரவில்லை. "இது அவற்ற இடம்" என்றார். "அவர் வந்தாப் பிறகு திருப்பிக் குடுங்கோ" என்றேன். தங்கச்சி சிரித்துவிட்டார், டீச்சரும் சிரித்தார்.

முதல் மாதம் கிளச் பட்ட பாடு எனக்கும் அந்தக் காருக்கும்தான் தெரியும். கிருலப்பனைச் சந்தியில் கார் நின்று, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்து, தலையை வெளியே நீட்டிப் பேசிய சிங்களத்தை இங்கே எழுத முடியாது. டீச்சர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அழுதுகொண்டே ஃபர்ஸ்ட் கியரைப் போடுங்கோ" என்றேன். போட்டார். கார் நகர்ந்தது.

களனிப் பாலத்துக்கு முன்னால் ஒரு செக் பொயின்ட். அதுதான் எனக்கு உள்ளுக்குள் பயம். கார் கணவரின் பெயரில், கணவர் யாழ்ப்பாணத்தில். அது போதும், ஒரு நாள் முழுவதும் பொலீஸில் இருக்க வைப்பதற்கு. ஒரு ஞாயிறு சின்ன வயசு ஆமிக்காரன் ஒருவன் காரின் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மஹத்தயா கோ?" என்றான். கணவர் எங்கே என்று கேட்கிறான். நான் டீச்சரைப் பார்த்தேன்.

"கெதர" என்றார் டீச்சர். வீட்டில்.

அவன் புத்தகத்தைக் கொடுத்துக் கையைக் காட்டினான். பாலத்தில் ஏறிய பிறகு டீச்சர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "பொய் சொல்லேல்லை அண்ணை. அவர் வீட்டிலதானே நிக்கிறார்." சொல்லிவிட்டு கியரை மாற்றினார்.

வத்தளையில் தங்கச்சி வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தாமல் ஒயில் மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். மாதம் போகப் போக மஞ்சள் போய், மூடி சுத்தமாக வந்தது. டீச்சர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார். "நல்லா இருக்கோ?" "நல்லா இருக்கு." தங்கச்சி பால் விடாத பிளேன்டி கொண்டு வருவார். அவ்வளவுதான் எங்கள் ஞாயிறு. அந்த ஞாயிறுகளுக்காக நான் கிழமை முழுக்கக் காத்திருந்தேன். சனி இரவே சேர்ட்டைத் தோய்த்துக் காயப் போடுவேன். திரும்பி வரும்போதும் தங்கச்சியோடு பாமன்கடைவரை வந்து, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ் எடுப்பேன். டீச்சர் நல்லாப் பழகிய பிறகு, வழியில் வரும் கொட்டாஞ்சேனையிலேயே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

ஓடும்போது டீச்சர் கணவரைப் பற்றித்தான் கதைப்பார். அவருக்கு எந்தக் கறி பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், கடைசிக் கடிதத்தில் கப்பலுக்குப் பெயர் பதிந்ததாக எழுதியிருந்தது, பெயர் இன்னும் வரவில்லை. நான் ஓம் ஓம் என்று கேட்பேன். சில நேரம் பொறாமையாக இருக்கும். சில நேரம் அந்த மனிதன் சுகமாக வந்து சேர வேண்டும் என்று கொட்டாஞ்சேனை அந்தோனியாரிடம் மெழுகுதிரி வைக்கும் அளவுக்கு மனம் இளகும். நான் சைவன். ஆனாலும் வைத்திருக்கிறேன்.

லைசன்ஸ் எடுத்த அன்று டீச்சர் கராஜுக்கு லட்டுப் பெட்டியோடு வந்தார். அண்ணை இரண்டு லட்டுச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு டீச்சர் தனியாகவே வத்தளைக்குப் போனார். சேர்ட் காய்ந்தபடி கொடியில் தொங்கியது. அன்று முழுவதும் என்ன செய்வதென்று தெரியாமல் அறையிலேயே படுத்துக் கிடந்தேன்.

5. கணவர் வந்தார்

அதற்குப் பிறகும் நீண்ட காலம் போனது. ஒரு நாள் பின்னேரம் நீலக் கார் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. ஓட்டி வந்தவர் ஒரு ஆண். இடது பக்கம் டீச்சர். கார் நிற்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

கப்பலில் திருகோணமலைக்கு வந்து, பஸ்ஸில் கொழும்பு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சேர்ட் கொலருக்குள் கழுத்து சின்னதாகத் தெரிந்தது. அவ்வளவு மெலிவு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள்தான் வண்டியைப் பாத்தனீங்கள் எண்டு சொன்னா" என்றார். பொனற்றைத் திறந்து, டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துப் பார்த்தார். ஒயில் மூடியைக் கழற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களோ? நான் போகேக்க சொல்லிப் போட்டுத்தான் போனனான், ஒவ்வொரு நாளும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடச் சொல்லி. சொன்னபடி செய்திருக்கிறா. அதுதான் எஞ்சின் இப்படி நிக்குது. என்ன?"

வந்து இறங்கிய மனிதனிடம் வேறு என்ன சொல்வது. "ஓம்" என்றேன்.

"இல்லை" என்றார் டீச்சர்.

கணவர் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி நான் இதைப் பழுதாக்கிப் போட்டன். விக்கிற அளவுக்கு வந்தது. பேந்து இந்த அண்ணைதான் ஓடப் பழக்கினவர். வத்தளைக்கு ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் ஓடினனான். அதாலதான் இது நிக்குது."

"நீயோ?" என்றார் அவர். "செக் பொயின்ட் எல்லாம் தாண்டியோ? எனக்கு ஏன் எழுதேல்லை?"

"எழுதினா நீங்கள் அங்க இருந்து பயந்து சாவீங்கள். வந்த உடன நீங்கள் சாவியைக் கேட்டீங்கள். எனக்குச் சொல்ல மனம் வரேல்லை."

ரயில் ஒன்று போனது. நாங்கள் எல்லோரும் வழக்கம்போல நின்றோம். அது போன பிறகு கணவர் கையில் இருந்த சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை டீச்சரின் கையில் வைத்துவிட்டு, காரைச் சுற்றிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார்.

டீச்சர் வலது பக்கம் ஏறினார். கண்ணாடியைச் சரி செய்தார், நான் பழக்கியபடி. ரிவேர்ஸ் போட்டு, சத்தமில்லாமல், அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் ஒரே வெட்டில் திருப்பினார். கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காலி வீதியில் ஏறும்போது டீச்சர் கையை வெளியே நீட்டி எனக்கு அசைத்தார். சைலென்சரில் புகை இல்லை. மூன்றாம் மாதம் அவர்கள் கனடாவுக்குப் போனார்கள், கார் வேறு யாருக்கோ போனது. அதன் பிறகு நான் டீச்சரைக் காணவில்லை. மனம் கிடந்து உழன்றது, நீண்ட காலம். கலியாணம் முடித்தேன், பிள்ளைகள் பெற்றேன், நல்லாத்தான் இருக்கிறேன். ஆனாலும் ஞாயிறு காலையில் இன்றும் ஒரு வெறுமை வந்து போகும்.

தொழிலில் அந்தக் கார் எனக்குப் படிப்பித்தது இதுதான். வண்டி வந்தால் ஸ்பனரைத் தூக்க முன் வண்டிக்காரரோடு கதையுங்கள். எவ்வளவு தூரம் ஓடுகிறது, எப்போது ஓடுகிறது, யார் ஓடுகிறார்கள் என்று கேளுங்கள். வால்வு அடைத்திருப்பதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, ஏன் அடைத்தது என்று கேட்பது மிச்சப் பாதி. டீச்சர் முதல் முறை வந்தபோதே நான் இதைக் கேட்டிருந்தால், கார் அன்றைக்கே திருந்தியிருக்கும், திரும்ப ஒழுகியிருக்காது, நான் பாமன்கடைக்குப் போக வேண்டிய தேவையே வந்திருக்காது. கேட்டிருக்கலாமே என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.